ஒரே விடியல், நாற்பது படங்கள்: எதை அச்சுக்கு அனுப்புவது?

ராமநாதபுரத்தில் படங்களை அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். கடைக்கு வருகிறவர்களில் பலர் ராமேசுவரம் போய்விட்டு அப்படியே வருகிறவர்கள். பென் டிரைவை நீட்டுவார்கள். திறந்தால் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையின் ஒரே விடியல் நாற்பது முறை வரிசையாக வரும். அதே கடல், அதே சூரியன், அதே மணல்திட்டு. "அண்ணே, எல்லாமே நன்றாகத்தானே இருக்கிறது, நீங்களே பார்த்து ஒன்றைப் போடுங்கள்" என்பார்கள்.

எல்லாமே நன்றாக இருப்பதுதான் சிக்கல். குலுங்கியது, கறுத்துப்போனது, குறுக்கே ஒருவர் தலை நீட்டியது ஆகியவற்றை யாரும் சொல்லாமலே நீங்கள் கழித்துவிடுவீர்கள். மிச்சமிருப்பவை ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி. அங்கேதான் பெரும்பாலோர் நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். வானம் எதில் அதிகம் சிவந்திருக்கிறதோ அதைத் தொடுவார்கள். இல்லையென்றால் முழங்கால் நீரில் நின்று பாடுபட்டு எடுத்ததைத் தொடுவார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஆனால் நீங்கள் பட்ட பாடு படத்தில் தெரியாது. சுவரில் மாட்டிய பிறகு பார்க்கிறவருக்கு அது தேவையும் இல்லை.

நான் சொல்வது ஒன்றுதான். பின்னால் திருத்திக்கொள்ளக்கூடியதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த மென்பொருளாலும் திருத்த முடியாததை வைத்துத் தேர்ந்தெடுங்கள். நிறத்தைக் கூட்டலாம், நிழலைத் திறக்கலாம், வானத்தைக் கொஞ்சம் இருட்டாக்கலாம். அலை எங்கே நின்றது, இரண்டு படகுகள் ஒட்டினவா விலகினவா, ரயிலின் முகம் தெரிந்ததா மறைந்ததா என்பதெல்லாம் பொத்தானை அழுத்திய அந்த நொடியோடு முடிந்துபோனவை.

1941-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேல் நிலா எழுந்திருப்பதைப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. இரண்டாவது முறை எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகள்மேல் விழுந்திருந்த மாலை வெயில் மறைந்துவிட்டது. அவர் கையில் இருந்தது ஒரே நெகட்டிவ். அதைப் பல்லாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டு, போகப்போக வானத்தை இன்னும் கறுப்பாக்கிக்கொண்டே வந்தார். வானம் மாறியது, சிலுவைமேல் விழுந்த வெயில் அந்த ஒரு நொடிக்கு உரியது. நமக்கு நாற்பது நெகட்டிவ் இருக்கிறது என்றாலும் கணக்கு அதேதான்.

இனி நம் கரைக்கு வருவோம். இங்கே இரண்டு கடல். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் தனுஷ்கோடி மீனவர்கள் சொல்வது பலருக்கும் தெரிந்திருக்கும். படம் தேர்ந்தெடுக்கிறவருக்கும் இந்தப் பிரிவு உதவும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், நீரிணைப் பக்கம் குளம் போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்தால் நீரிணைப் பக்கம் முரண்டு பிடிக்கும். அலை அடிக்கும் பக்கத்தில் எடுத்த படங்களில் வேறுபாடு கீழே, உங்கள் காலடியில் இருக்கும். அமைதியான பக்கத்தில் அது நடுவில், படகுகளிலும் அடிவானத்திலும் இருக்கும். பார்வையை எங்கே வைப்பது என்பது இதிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது.

முதலில் ஆண்கடல் பக்கம். அரை நொடி அளவுக்கு ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்த படங்கள் என்று வைத்துக்கொள்வோம். அலை ஏறி வரும்போது எடுத்தால் முன்புறம் முழுவதும் வெள்ளைப் பஞ்சு; மணல் மறைந்துவிடும், கண் போய் நிற்க இடமில்லை. அலை திரும்பி இறங்கும்போது எடுத்ததில் நுரை நூல் நூலாக இழுபட்டு, கோடுகள் கடலை நோக்கி ஓடும். பார்க்கிறவரின் கண்ணும் அவற்றோடு உள்ளே போகும். இன்னும் சிறிது தாமதித்தால் நுரை வற்றி, ஈரமணல் கண்ணாடியாக மாறி வானத்தைக் காட்டும். மூன்றும் தனித்தனிப் படங்கள். ஆனால் கேமராவின் சின்னத் திரையில், வெயிலில், மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் கரையில் நின்றுகொண்டே அழிக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

அங்கேயே இன்னொன்றையும் கவனியுங்கள். டிரைபாடை நீர் விளிம்பில் ஊன்றினால், ஒவ்வொரு அலையும் திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். ஒரு கால் மட்டும் மெல்லப் புதையும். முதல் படத்தில் நேராக இருந்த அடிவானம் பத்தாவது படத்தில் சரிந்திருக்கும். சரிவை மென்பொருளில் நிமிர்த்தலாம்தான். நிமிர்த்தும்போது நான்கு ஓரங்களிலும் கொஞ்சம் வெட்டுப்படும். ஓரத்தை ஒட்டி நுரைக்கோடோ படகின் முனையோ இருந்தால் அது போய்விடும். ஷட்டர் திறந்திருக்கும்போதே டிரைபாடின் கால் புதைந்தால் படம் முழுவதும் லேசாக இரட்டிக்கும். இதை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். தூரத்துக் கம்பத்தையோ பனைமரத்தின் உச்சியையோ பாருங்கள். அது இரண்டாகத் தெரிந்தால் எவ்வளவு நல்ல அலையாக இருந்தாலும் அந்தப் படம் வேண்டாம்.

இனி அமைதியான பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் மண்டபம், பாம்பன், ராமேசுவரம் கரைகளில் நெருக்கியடித்து நிற்கும். படம் எடுக்க வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். நங்கூரமிட்ட படகு அசையாமல் நிற்கிறது என்று நினைப்போம். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தக்கபடி அது மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஓர் ஆசிரியர் மண்டபம் வடக்குக் கரையில் எடுத்த மூன்று படங்களை அண்மையில் கொண்டுவந்தார். மூன்றிலும் முன்னால் ஒரு நீலப்படகு, பின்னால் ஒரு பச்சைப்படகு. ஒன்றில் நீலப்படகின் கம்பம் பச்சைப்படகின் மேற்கூரையிலிருந்து முளைத்தது போல இருந்தது. இன்னொன்றில் இரண்டு படகுகளின் மூக்கும் தொட்டும் தொடாமலும் நின்றன. கண் அந்த முனையிலேயே போய்ச் சிக்கிக்கொண்டது. மூன்றாவதில் இரண்டுக்கும் நடுவே விரற்கடை அளவு நீர் தெரிந்தது, அந்த இடைவெளியில் அடிவானமும் தெரிந்தது. அவர் கேட்டதோ இரண்டாவது; அதில்தான் மேகம் சிவந்திருந்ததாம். மூன்றையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கித் திரையில் பக்கம் பக்கமாக வைத்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. அவரே மூன்றாவதைக் காட்டினார். மேகத்துக்கு வேண்டிய சிவப்பைப் பிறகு சேர்த்துக்கொண்டோம்.

சுருக்கிப் பார்ப்பது அவ்வளவு பயனுள்ளது. சிறிதாக்கினால் நுணுக்கங்கள் மறைந்து கட்டமைப்பு மட்டும் மிஞ்சும். நிறத்தை முழுவதும் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பதும் அதே வேலையைச் செய்யும்.

சூரியனைப் பற்றிக் கொஞ்சம். வட்டம் கடலிலிருந்து கிளம்பி முழுதாக வெளிவர நம் பகுதியில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் எல்லோரும் விரலை எடுக்காமல் அழுத்துகிறார்கள். நாற்பதில் முப்பது படம் அதிலிருந்தே வரும். என் அனுபவத்தில், அச்சுக்கு உகந்தவை பெரும்பாலும் அதற்கு முன்னால் எடுத்த சிலவற்றில் இருக்கின்றன. அப்போது மேகத்தின் அடியில் நிறம் இருக்கும், மணலிலும் வெளிச்சம் இருக்கும். வட்டம் வந்தவுடன் அதைச் சுற்றி எல்லாம் வெளுத்து, முன்புறம் கறுத்துவிடும். ஹிஸ்டோகிராமில், அதாவது இடப்புறம் இருட்டும் வலப்புறம் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தில், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். மொத்த வெளிச்சம் சரி என்று காட்டும்போதே சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். திரையில் அது பளபளப்பாகத் தெரியும். காகிதத்துக்குப் பின்னால் விளக்கு எதுவும் எரிவதில்லை. அங்கே மேகத்தின் மடிப்புகள் எல்லாம் போய் ஒரே ஆரஞ்சுத் திட்டாக வந்து நிற்கும். இதுவும் திருத்த முடியாத வகை.

பாம்பனில் ரயில் படம் எடுக்கிறவர்கள் வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் செங்குத்தாக மேலே எழும் பகுதி 72.5 மீட்டர் நீளம். அதன் இரு புறமும் உயரமான கோபுரங்கள். சாலைப் பாலத்தில் நின்று தொடர்ச்சியாக எடுத்த படங்களில், எஞ்சின் கோபுரத்தின் கம்பிகளுக்குள் புகுந்துவிட்டால் அடையாளமே தெரியாது. எஞ்சின் முகம் கோபுரத்தைத் தாண்டி வெறும் வானத்துக்கு எதிரே வந்துவிட்ட படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தொடரில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், தேடுவதும் எளிது.

லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒப்பிடும் வசதி உண்டு. வென்றதை அடுத்ததோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். ஒரு நிபந்தனை: தேர்ந்தெடுக்கும் முன் எதையும் மெருகேற்றாதீர்கள். மெருகேற்றிய படம் மெருகேற்றாததைத் தோற்கடிப்பதில் வியப்பில்லை. கைப்பேசியே "சிறந்த படம்" என்று ஒன்றை முன்னே தள்ளினால் அதையும் நம்ப வேண்டாம். தெளிவும் வெளிச்சமும் அதற்குத் தெரியலாம். நீலப்படகின் கம்பம் எங்கே முளைத்திருக்கிறது என்ற கவலை அதற்கு இல்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படகை நகர்த்திவிடலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நகர்த்தலாம். அதற்கு மண்டபம் வரை போயிருக்கவே வேண்டாம். போட்டிக்கு அனுப்பினால் மூலக் கோப்பைக் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படம் எதற்கு என்பதும் முடிவை மாற்றும். நாட்காட்டிக்கு என்றால் தேதிக்கட்டம் வர ஒரு புறம் வெறுமை வேண்டும். ஈரமணல் படம் அங்கே வெல்லும். கூடத்தில் மாட்ட 12-க்கு 18 அங்குலம் என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் இது தாராளம். ஆனால் அடிவானத்தை நிமிர்த்தி, ஓரத்தை வெட்டி, இன்னும் கொஞ்சம் நெருக்கமாக்கி என்று போனால் கைவசம் இருந்தது கரைந்துவிடும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைக் கொண்டு யாரும் வர வேண்டாம்.

கழித்தவற்றை என்ன செய்வது? அலை, மேகம், சூரியன் மட்டும் உள்ளவற்றைத் தாராளமாக அழித்துவிடுங்கள். மனிதர் கட்டியது எதுவாவது படத்தில் இருந்தால் மட்டும் கை நடுங்கட்டும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. அதற்கு முன் அதில் ரயில் போனதை எடுத்தவர்கள், கோணல் என்றும் மங்கல் என்றும் அழித்திருந்தால் இனி எடுக்க வழியில்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவரும் உப்புக்காற்றில் ஆண்டுக்காண்டு உதிர்ந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட படங்களில் அழகில் தோற்றதையும் தனிக் கோப்புறையில் போட்டு, ஆண்டு, மாதம், நாள், இடம், எந்தப் பக்கம் நின்று எடுத்தது என்று பெயரிலேயே எழுதி, இன்னொரு பிரதியை வேறு வன்தட்டில் வைத்துவிடுங்கள்.