ஆபரேஷனுக்குப் பின் அப்பத்தா ஏன் குழம்பிப்போனார்?

இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன இரண்டாம் நாள் ராத்திரி, என் அப்பத்தா படுக்கை விரிப்பின் ஓரத்தைப் பூத்தொடுப்பதுபோல விரலால் பின்னிக்கொண்டே இருந்தார். எப்போதோ இறந்துபோன அண்ணனைக் கூப்பிட்டார். கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைப் பிடுங்கப் பார்த்தார். 82 வயது. முந்தின வாரம்வரை சீட்டுக் கணக்கை மனசிலேயே போட்டவர்.

"வயசாயிடுச்சில்ல, அப்படித்தான்" என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் அன்று சாயங்காலம் உடம்பு அரிக்கிறது என்று ஓர் அவில் ஊசி போட்டிருந்தார்கள். தூக்கம் வரவில்லை என்று இரண்டு நாளாக டயஸெபாம் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். இளையவர்களுக்கு இரண்டுமே சாதாரண மருந்துகள்தான்.

திடீரென்று வந்து, கூடுவதும் குறைவதுமாக இருக்கும் இந்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். மறதிநோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். இது சில மணி நேரத்தில் வந்துவிடும். எல்லாரும் கத்திக் கலாட்டா செய்வதுமில்லை. பலர் சாப்பிடாமல், பேசாமல், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டு கிடப்பார்கள். "நல்லாத் தூங்குறாங்க" என்று நாமும் விட்டுவிடுவோம். எனக்கு அதிகம் பயம் தருவது இந்த அமைதியான வகைதான்.

அவில் போன்ற பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள் மூளைக்குள்ளும் நுழைபவை. கவனத்துக்கும் நினைவுக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையை அங்கே தடுக்கின்றன. வயதான மூளையில் அதன் கையிருப்பு ஏற்கெனவே குறைவு. இதே தடை சிறுநீர்ப்பையிலும் குடலிலும் விழுவதால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், மலம் கட்டும். அந்த அவஸ்தையே குழப்பத்தை இன்னும் கூட்டும்.

டயஸெபாமின் கதை வேறு. அது கொழுப்பில் கரையும். வயது ஏற ஏற உடம்பில் தண்ணீரின் பங்கு குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது, கல்லீரலும் நிதானமாகிவிடுகிறது. ரத்தத்தில் இருக்கும் டயஸெபாம் பாதியாகக் குறைய 20 வயதில் சுமார் 20 மணி நேரம் ஆகும். 80 வயதில் சுமார் 90 மணி நேரம். முதல் ராத்திரி போட்டது வடிவதற்குள் இரண்டாவது வந்து சேர்கிறது, அப்புறம் மூன்றாவது.

சிறுநீரகக் கணக்கு இன்னும் ஏமாற்றும். அப்பத்தாவின் கிரியாட்டினின் 1.0, ரிப்போர்ட்டில் நார்மல். கிரியாட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, அவரிடமோ தசையே கொஞ்சம்தான். சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகத்தைக் கணிக்கும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில், வயதோடு 45 கிலோ எடையையும் வைத்துப் போட்டால் நிமிடத்துக்கு 31 மில்லிதான் வருகிறது. அதே 1.0 உள்ள 25 வயது, 60 கிலோ பெண்ணுக்கு 81. வலிக்குப் போடும் பெத்திடின் ஊசி உடம்பில் மாறி உண்டாகும் நார்பெத்திடின், சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தேங்கினால் நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம்.

முதியவர்களுக்கு ஒத்துவராத இப்படிப்பட்ட மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸும் அவர் குழுவினரும் 1991-இல் பட்டியலிட்டார்கள். அப்போது அது முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கானது. பிறகு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதை ஏற்று, 2023-இலும் புதுப்பித்தது. இது தடைப் பட்டியல் அல்ல. வேறு வழி இருந்தால் அதைப் பார் என்கிறது, அவ்வளவுதான். வலி மருந்தே வேண்டாம் என்று யாரும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. அடக்காத வலியும் டெலிரியத்தைக் கொண்டுவரும். வேளை தவறாமல் பாராசிட்டமால், தேவைக்கு மட்டும் கடுமையான மருந்து என்பதே பல இடங்களில் நடைமுறை.

அப்பத்தாவுக்கு மருத்துவர் அவில், டயஸெபாம் இரண்டையும் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிட்டோம், பகலில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்தோம். ஐந்தாம் நாள் சீட்டுப் பணம் யார் யார் பாக்கி என்று கேட்டார்.

சரி, முடிந்தது என்று நினைத்தோம். டிஸ்சார்ஜ் சீட்டைப் பிரித்தால் அதே தூக்க மாத்திரை: 0-0-1, அதாவது ராத்திரி மட்டும் ஒன்று. எத்தனை நாளைக்கு என்று எழுதியிருக்கவில்லை. வருஷக்கணக்கில் போட்டுப் பழகியவர் என்றால் இதைச் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து, மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அப்பத்தா போட்டது இரண்டே ராத்திரி. திரும்பப் போய்க் கேட்டதும், மருத்துவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டார்.