ஒற்றைக் குரலும் மூங்கில் கழியும்

சென்ற வாரம் எங்கள் விலங்கு மருந்தகத்துக்கு அட்டைப் பெட்டியில் ஒரு சிற்றாந்தை வந்தது. துணி உலர்த்தும் மூங்கில் கழியால் அடிபட்டு இடச்சிறகின் மேலெலும்பு முறிந்திருந்தது. அலகோரத்தில் யாரோ ஊட்டிய பால் காய்ந்து ஒட்டியிருந்தது. பாட்டி படுத்த படுக்கையாக இருக்க, மூன்று இரவுகளாகத் தாழ்வாரத்துக்கு எதிர்மரத்தில் அது ஒற்றைக் குரலில் அலறியதாம். மகன் அடித்தாராம், பாவம் பார்த்துப் பேத்தி தூக்கிவந்தாராம். இதே கதையை இத்தனை முறை கேட்டபின் என் தொனி கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை அலறினால் சாவு, இருமுறை அலறினால் நினைத்த காரியம் கைகூடும் என்று ஆந்தையின் குரலை எண்ணிப் பலன் சொல்வது நம்மிடையே பழைய வழக்கம். ஆனால் சிங்கப்பூரின் பூங்காக்களிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளை ஒட்டிய மரங்களிலும் வாழும் சுண்டா சிற்றாந்தைக்கு இயல்பே ஒற்றைக் குரல்தான். ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை சலிக்காமல் கூவிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்குப்படி இத்தீவில் ஒரு புளோக்கிலும் ஆள் மிஞ்சியிருக்கக் கூடாது. நோயாளி வீட்டருகே மட்டும் ஏன் அலறுகிறது என்று கேட்கிறார்கள். எல்லா வீட்டருகேயும்தான் அலறுகிறது, மற்றவர்கள் தூங்கிவிடுகிறார்கள். நோயாளி வீட்டில் விடிய விடிய விளக்கு எரிகிறது, விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்கு ஆந்தை வருகிறது, கண்விழித்திருப்பவர் காதில் அது விழுகிறது.

நற்றிணையின் 83ஆம் பாடலில், ஊர்வாயில் மரத்தில் வாழும் கூகை என்ற பெரிய ஆந்தையிடம் தலைவியின் தோழி, நெய்ச்சோறும் சுட்ட எலி இறைச்சியும் தருகிறோம், காதலர் வரவுக்காகத் தூங்காது தவிக்கும் பொழுதில் மட்டும் அச்சம் தரக் குழறாதே என்று வேண்டுகிறாள். சாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கூகை எலி தின்னும் என்பது மட்டும் அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

அடிபட்ட ஆந்தையைக் கண்டால் துண்டு போர்த்தி, காற்றுத்துளையிட்ட பெட்டியில், இருட்டில் வையுங்கள். பாலும் சோறும் வேண்டவே வேண்டாம். அலகுக்குள் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும். முறிந்த சிறகை நீங்களே கட்டாதீர்கள். அங்கே தோல் மிக மெல்லியது, எலும்பு முனை துளைத்து வெளியே வந்துவிட்டால் எங்களால் செய்யக்கூடியது குறைவு. தேசியப் பூங்காக் கழகத்தை அழைத்துச் சொல்லுங்கள். சத்தம்தான் தொல்லை என்றால், தயவுசெய்து, அறையின் திரைச்சீலையை இழுத்து விளக்கொளியை மறைத்துவிட்டு மின்விசிறியைச் சற்று வேகமாக வைத்துக்கொள்ளுங்கள். கழி துணி உலர்த்த மட்டும் இருக்கட்டும்.