மூணாறில் சமதளம் எங்கிருந்து வந்தது?

போடியிலிருந்து மெட்டு ஏறி மூணாறு போகிற சாலையில், மலையை அறுத்துச் சாலை போட்ட இடங்கள் வரிசையாக வரும். மழை இல்லாத ஒரு நாளில் அப்படி ஓர் இடத்தில் இறங்கி, வெட்டுப்பட்ட சுவரைப் பாருங்கள். பார்வைக்குப் பாறைதான். வெளுப்பும் கறுப்புமாக ஓடும் வரிகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. ஒரு பிடி கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தால், மாவு மாதிரி களிமண், நறநறவென்று மணல், மினுமினுக்கும் அப்ரகத் துணுக்குகள் என்று தனித்தனியாகப் பிரிந்து உதிர்கின்றன. மக்கிப்போன பாறை. உருவம் மட்டும்தான் மிச்சம்.

மூணாறைச் சுற்றியுள்ள கிரானைட்டும், வரிவரியாக இருக்கும் நைஸ் (gneiss) என்ற பாறையும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மிக லேசான அமிலமாகக் கீழே இறங்குகிறது. பாறையின் வெடிப்புகளில் புகுந்து, ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக்குகிறது. குவார்ட்ஸ் மட்டும் இதற்கு அசைந்து கொடுக்காது. அது மணலாகத் தங்கிவிடும். வெயிலும் மழையும் தாராளமாக இருக்கும் நம் பக்கத்து மலைகளில் இந்த வேலை சுறுசுறுப்பாக நடக்கும். அதனால் மேலே முழம் இரண்டு முழம் மண், அதன் கீழே பல மீட்டர் ஆழம் வரை இப்படி மக்கிய பாறை, அதற்கும் கீழே உளி இறங்காத பாறை என்று அடுக்கு அமைந்துவிடுகிறது. முதல் இரண்டையும் தண்ணீர் கடந்துவிடும். மூன்றாவதன் தலையில் வந்து நின்றுவிடும். விபரீதம் பிறக்கிற இடம் அதுதான். அதற்கு அப்புறம் வருவோம். முதலில் ஊரைப் பார்க்கலாம்.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறுகள் கூடுகிற இடம் மூணாறு. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். சுற்றிலும் கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய மலைகள். இமயத்துக்குத் தெற்கே நாட்டிலேயே உயரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், பக்கத்தில்தான் நிற்கிறது. இத்தனை செங்குத்துக்கு நடுவே கடைத்தெரு வைக்கிற அளவுக்கு ஒரு சமதளம் எப்படி வந்தது?

ஆறு கொண்டுவந்து போட்டது. சரிவுகளிலிருந்து இறங்கும் மண்ணும் கல்லும், வெள்ளம் வேகம் குறைகிற இடத்தில் தங்கித் தங்கிப் பள்ளத்தாக்கின் அடி நிரம்பியது. ஓடைகள் மலையை விட்டு வெளியே வரும் வாயில் இன்னொரு வகைச் சமதளம் உண்டு. விசிறியை விரித்து வைத்த மாதிரி லேசாகச் சாய்ந்த மேடு. பழைய மண்சரிவுகள் வந்து கொட்டிய குவியல் அது. ஆக, மலையில் வீடு கட்டத் தோதான இடம் என்று நம் கண்ணில் படுவதில் பெரும்பகுதி, எப்போதோ வெள்ளமோ சரிவோ வந்து ஓய்ந்த இடம். அது வந்த வழி இன்னும் திறந்தேதான் கிடக்கிறது. மலையூர்களில் நடக்கும் அழிவுகளை இந்த ஒன்றை மனதில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு அவை புரிபட ஆரம்பித்தன.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். காப்பி, சின்கோனா என்று பலதும் நட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலை நிலைத்தது. தேயிலைக்கு வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, சரிவு வேண்டும். கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த குடும்பங்கள் குடியிருக்கச் சரிவு சரிப்படாது. பக்கத்தில் குடிக்கக் குளிக்கத் தண்ணீரும் வேண்டும். சரிவெல்லாம் செடிக்கு, ஓடையோரத்துச் சமதளம் லயத்துக்கு என்று தோட்டம் தோட்டமாகப் பிரிந்தது இப்படித்தான். ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் அந்த லயங்களை எங்கே கட்டுவது என்று முடிவு செய்தவர்கள், அந்தச் சமதளம் எப்படி வந்தது என்று கேட்டிருக்கமாட்டார்கள். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் அறிவியலும் பெரிதாக வளர்ந்திருக்கவில்லை.

தேயிலைப் பெட்டிகளை இறக்க 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. ஒரு சக்கரம் தண்டவாளத்தில், இன்னொரு சக்கரம் சாலையில், இழுக்க மாடு. 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் குட்டி ரயில்பாதை போட்டார்கள். டாப் ஸ்டேஷன் வரை ரயில்; அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிலில் கீழே கோட்டகுடிக்கு; அப்புறம் போடி. அந்த ரயில் பதினாறு வருடம்தான் இருந்தது.

1924 ஜூலை. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே சொல்கிறார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் மழை விடவில்லை. மாட்டுப்பெட்டிப் பக்கம் சரிந்து வந்த மண்ணும் மரங்களும் இரண்டு குன்றுகளுக்கு இடையே ஆற்றை அடைத்து, பின்னால் தண்ணீர் ஏரியாகத் தேங்கி, ஒருநாள் உடைந்தது என்று மூணாறில் சொல்வார்கள். மலையில் இது அடிக்கடி நடக்கும் விஷயம்தான். மனிதர் கட்டும் அணைக்கு மதகு உண்டு, நீர் வழிந்தோட வழி உண்டு. சரிவு கட்டும் அணைக்கு எதுவும் கிடையாது. தண்ணீர் உச்சியைத் தொட்டு ஒரு விரல்கிடை வழிந்தாலும் போதும், அந்த வாய்க்கால் மண்ணை அரிக்கும். அரித்த இடத்தில் இன்னும் அதிகத் தண்ணீர் பாயும். அது இன்னும் அரிக்கும். நாள்கணக்கில் சேர்ந்த நீர் கொஞ்ச நேரத்தில் கீழே போய்ச் சேரும். ரயில்பாதை அடித்துப் போனது. மறுபடி போடவே இல்லை.

சரி, இங்கே மட்டும் ஏன் இவ்வளவு மழை? அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று இந்த மலைச்சுவரில் முட்டி மேலே ஏறியாக வேண்டும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. முன்பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, அந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாக இறங்குகிறது. மூணாறிலிருந்து 40 கிலோமீட்டர் போனால் மறையூர். சந்தனமும் முட்செடியும் வளரும் வறண்ட பூமி.

2020 ஆகஸ்ட் 6. மூணாறுக்குப் பக்கத்தில், ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில், ஓடையோரத்தில் நாலு லயங்கள். பல நாள் மழை, அன்று இன்னும் கடுமை. இரவு பத்தரை மணியைத் தாண்டிய நேரம். மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் புறப்பட்ட மண்சரிவு ஓடையின் வழியே வந்து லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். அதில் நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. கரண்டும் இல்லை, செல்போன் டவரும் வேலை செய்யவில்லை. சேதி வெளியே போகவே மறுநாள் காலை ஆகிவிட்டது. இறந்தவர்களில் நிறையப் பேருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பக்கம்.

மேலே என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஆற்றுமணல் போதும். காய்ந்த மணலைக் குவித்தால் சரிந்துவிடும். லேசாக ஈரமாக்கினால் குழந்தைகள் அதில் கோபுரமே கட்டுவார்கள்; மணலுக்கு மணல் நடுவிலுள்ள நீர்ப்படலம் இழுத்துப் பிடிக்கிறது. இன்னும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கோபுரம் பொலபொலவென்று உட்கார்ந்துவிடும். மழைக்காலத்தில் மலைச்சரிவு இரண்டாவது நிலையிலிருந்து மூன்றாவது நிலைக்குப் போகிறது.

ஏன் என்பதற்குக் கிணற்றில் தண்ணீர் இறைத்த அனுபவம் உதவும். நீருக்குள் இருக்கும் வரை வாளி கனக்காது. வெளியே வந்ததும் கை இழுபடும். நீர் அதைத் தாங்கியிருந்தது. மண்துகளுக்கும் அதேதான். ஒரு துகள் தன் எடையால் கீழே இருக்கும் துகளை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் சரிவை நிறுத்தி வைத்திருக்கிறது. மழை இறங்கி, நான் முன்பு சொன்ன கெட்டிப் பாறையின் தலையில் தேங்கி, மண்ணுக்குள்ளேயே நீர்மட்டம் உயர்ந்தால், துகள்களின் எடையில் ஒரு பங்கை நீர் தாங்கிக்கொள்கிறது. அழுத்தம் குறைகிறது, உராய்வு குறைகிறது. ஆனால் மலையின் சாய்வு குறையவில்லை. ஊறிய மண்ணின் மொத்தக் கனமும் கூடித்தான் இருக்கிறது. ஒரு நொடியில் கணக்கு மாறிவிடும். பல நாள் தூறி ஊறப்போட்ட பிறகு வரும் ஒரு கனமழை இதனால்தான் ஆபத்து. காய்ந்த மலையில் அதே மழை பெய்தால் தப்பிக்கவும் கூடும்.

மலைமுகட்டுக்குக் கீழே உள்ளங்கையைக் குவித்த மாதிரி பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துச் சரிவுகளின் மண் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதில் வந்து சேர்கிறது. மழைநீரும் அங்கேயே கூடுகிறது. பல மண்சரிவுகள் தொடங்குவது இங்கேதான். வழுக்கிய மண் ஓடைக்குள் விழுந்ததும் அதன் குணம் மாறுகிறது. வழியிலுள்ள கல், மரம், ஓடையின் அடிமண் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு, குழைத்த சிமெண்ட் கலவை மாதிரி ஓடும். தண்ணீரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம். அதனால் பெரிய பாறைகளைத் தூக்கிக்கொண்டு போகிறது. பெரிய கற்கள் முன்வரிசைக்கு வந்து சேரும். மலையாளத்தில் இதற்கு உருள்பொட்டல் என்று பெயர். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

காட்டை அழித்துத் தேயிலை நட்டதுதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். பெட்டிமுடியில் சரிவு தொடங்கியது தேயிலைக்கு மேலே, இரவிகுளம் தேசியப் பூங்காவைச் சேர்ந்த இயற்கையான சரிவில். யாரும் மண்வெட்டி வைக்காத மலையும் சரியும். வேர்கள் மேல்மண்ணைப் பிடிக்கும். அதற்கும் கீழே வழுக்கும் மண்ணை அவற்றால் பிடிக்க முடியாது. அங்கே தவறு லயம் இருந்த இடத்தில். தேவிகுளம் அருகே கேப் ரோட்டில் சாலையை அகலமாக்க மலையின் அடியை வெட்டிய பிறகு மறுபடி மறுபடி பாறைகள் சரிந்தது வேறு கதை. அங்கே மலைக்கு முட்டுக்கொடுத்திருந்த காலையே எடுத்துவிட்டோம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் இரண்டுக்குமே வழி கிடைக்காது.

மலையில் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. புதிதாக ஊற்று கிளம்புவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, நேற்றுவரை சரியாக மூடிய கதவு இடிப்பது, தரையில் பிளவு. இவற்றைவிடப் பயப்பட வேண்டியது, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் குறைவது. மேலே எங்கோ அடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிமிடமே ஓடையை விட்டு விலகிப் பக்கவாட்டில் மேடேற வேண்டும். ஓடையோடு கீழே ஓடக் கூடாது. ஆனால் கரண்ட் இல்லாத இரவில், மழைச் சத்தத்தில், யார் போய் ஓடையைப் பார்ப்பது? மழைமானியும் எச்சரிக்கையும் பகலிலேயே வேலை செய்து, இருட்டுவதற்குள் லயம் காலியாகியிருக்க வேண்டும்.

பெட்டிமுடியில் அந்த லயங்கள் இருந்த இடம் இன்று பாறையும் மண்ணுமாக முன்பைவிட அகலமாக விரிந்து கிடக்கிறது. கற்களுக்கு நடுவே புல் முளைக்கிறது. பக்கத்திலேயே ஓடை ஓடுகிறது. விவரம் தெரியாத ஒருவர் வந்து நின்றால், வீடு கட்ட நல்ல சமதளம் என்றுதான் நினைப்பார்.