கூட்டம் கூட்டப்படும் என்றால், கூட்டுவது யார்?

குன்னூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். பாதி நாள் கோர்ட்டில் போகும், மீதி நாள் சங்கங்களுக்குப் பைலா, அதாவது உள்விதிகள், எழுதுவதில் போகும். சிறு தேயிலை விவசாயிகள் சங்கம், ஊர் நலச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று இருபது வருடத்தில் நிறைய எழுதியிருக்கிறேன். போன ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றிலிருந்து ஒரு தம்பி வந்தார். பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர். பிளாஸ்டிக் உறைக்குள் 34 பக்கம் கொண்டுவந்திருந்தார். "மேடம், இது எங்க மென்பொருள் குழுவோட விதிகள். இதைச் சின்னதாக்கித் தரணும்" என்றார்.

அவர்கள் செய்வது தமிழில் எழுத்துப்பிழை பார்க்கும் ஒரு கட்டற்ற மென்பொருள். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். வந்த திருத்தத்தைச் சேர்க்கும் அனுமதி மட்டும் 11 பேரிடம். யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலை முடிந்த பிறகு, குழந்தைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து செய்கிறார்கள். எட்டு மாதமாகப் புதிய பதிப்பு வெளியிட முடியவில்லை என்றார். நிரல் தயாராகத்தான் இருந்தது.

34 பக்கத்தையும் அன்றிரவு படித்தேன். பதிப்பு வெளியாக ஐந்து பேர் கொண்ட தொழில்நுட்பக் குழுவில் மூன்று பேர் ஒப்புதல் தர வேண்டும். அதில் இருவர் விலகிவிட்டார்கள், ஒருவர் பதில் போடுவதே இல்லை. காலியிடத்தை நிரப்பத் தேர்தல் வேண்டும். தேர்தல் நடத்தத் தேர்தல் அலுவலர் வேண்டும். அவரை நியமிக்க வேண்டியது செயற்குழு. செயற்குழுவின் பதவிக்காலமோ மார்ச் மாதமே முடிந்துவிட்டது.

இந்தப் பூட்டு எனக்குப் பழக்கமானது. சில வருடம் முன்பு ஒரு விவசாயிகள் சங்கத்தில் இதையே பார்த்தேன். கொழுந்து ஏற்றிப்போக அவர்களிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. இன்சூரன்ஸ் கட்டக் காசோலையில் தலைவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் படுத்த படுக்கை. அவருக்குப் பதில் இன்னொருவரைப் போடப் பொதுக்குழு கூட வேண்டும், அதைக் கூட்டுகிற அதிகாரம் தலைவருக்கு மட்டும். கொழுந்து அதிகமாக வரும் மே மாதத்தில் வண்டி ஷெட்டிலேயே நின்றது. சாக்கு மூட்டையைத் தலையில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்த பெண்களை நான் பார்த்தேன். விதியில் விட்டுப்போன ஒரு வரியின் சுமை அது.

மறுநாள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். பைலா திருத்தும்போது நான் முதலில் தேடுவது ஒரே ஒரு விகுதியை: '-ப்படும்'. கூட்டம் கூட்டப்படும். உறுப்பினர் சேர்க்கப்படுவார். கணக்கு சமர்ப்பிக்கப்படும். நடவடிக்கை எடுக்கப்படும். அரசு ஆணையிலிருந்து கல்யாண மண்டப நோட்டீஸ் வரை நமக்குப் பழகிப்போன நடை. கம்பீரமாக இருக்கிறது, ஆனால் செய்கிறவரை மறைத்துவிடுகிறது. அந்த 34 பக்கத்தில் 112 இடத்தில் வட்டம் போட்டேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். யார் செய்வார்? எத்தனை நாளுக்குள்? அவர் செய்யாவிட்டால் அடுத்து யார்?

மூன்றாவது கேள்விதான் உயிர். முதல் இரண்டை எல்லோரும் எப்படியோ எழுதிவிடுகிறார்கள். மூன்றாவதை எழுதக் கூச்சப்படுகிறார்கள், நண்பர்களுக்குள் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கிறதே என்று. இதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. சம்பளமில்லாமல் உழைப்பவருக்குக் காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், சலிப்பும் வரும். கணினிக்கான கட்டற்ற இயங்குதளம் ஒன்றைச் செய்யும் டெபியன் என்ற பெரிய தன்னார்வக் குழு 1998 டிசம்பரில் தனக்கென ஓர் அரசியல் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் தொடக்கத்திலேயே ஒரு விதி: இந்தச் சாசனம் யார் மீதும் வேலையைக் கட்டாயமாகச் சுமத்தாது, பிடிக்காத வேலையை ஒருவர் செய்ய வேண்டியதில்லை, ஆனால் விதிகளுக்கு எதிராக வேலை செய்யக் கூடாது. படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. வராமல் போகும் உரிமையை ஒப்புக்கொண்டுவிட்டால்தான், வராதபோது என்ன செய்வது என்று கூச்சமில்லாமல் எழுத முடியும்.

அப்புறம் கோரம், அதாவது முடிவு செல்ல வேண்டுமானால் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு. பழைய விதியில் எந்த முடிவுக்கும் மூன்றில் இரண்டு பங்கு பேர் வாக்களிக்க வேண்டும், அதாவது 11 பேரில் 8 பேர். உண்மையில் மாதா மாதம் வேலை செய்பவர்கள் நான்கு பேர். டெபியனில் கோரத்தை வர்க்கமூலத்தில் கணக்கிடுகிறார்கள். உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி, அதன் மூன்று மடங்கு. 1000 பேர் இருந்தால் 48 பேரின் ஆதரவு இருந்தால் கோரம் நிறைந்துவிடும். தம்பி இதைக் கேட்டதும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார். போட்டுப் பார்த்தோம். 11 பேருக்கு 5 வருகிறது. வருவதே நான்கு பேர் என்னும்போது அதுவும் நிற்காது. பெரிய வீட்டுக்கு அளந்த கதவு சின்ன வீட்டு நிலையில் பொருந்தாது. அதனால் சூத்திரத்தை விட்டுவிட்டு, யாரை எண்ணுகிறோம் என்பதை மாற்றினோம். கடந்த 12 மாதத்தில் ஒரு திருத்தமாவது அனுப்பியவர், அல்லது ஒரு திருத்தத்தையாவது சரிபார்த்தவர் கணக்கில் வருவார். மற்றவர்கள் ஓய்வுப் பட்டியலுக்குப் போவார்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. ஒரு திருத்தம் அனுப்பினால் திரும்பி வந்துவிடலாம்.

இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற கட்டற்ற மென்பொருளின் குழு 2020-ல் இதைவிடத் துணிச்சலான ஒன்றைச் செய்தது. 'மைய அணி' என்ற அமைப்பையே கலைத்துவிட்டார்கள். பட்டியலில் இருந்த பெயர்களுக்கும் உண்மையில் நடக்கும் வேலைக்கும் தொடர்பு விட்டுப்போயிருந்தது. திருத்தத்தைச் சேர்ப்பவர், பதிப்பு வெளியிடுபவர் என்று செய்யும் வேலைக்குத்தான் புதுப் பெயர் வைத்தார்கள். பதவிக்கு வைக்கவில்லை. நம் சங்கங்களில் கௌரவத் தலைவர், கௌரவ ஆலோசகர் என்று லெட்டர் பேடில் பாதி பக்கம் நிரம்பியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஓட்டுப் போட எத்தனை நாள் தருவது என்பதில் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. அப்பாச்சி என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பின் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. செய்யப்போவதை அறிவித்துவிட்டுக் குறைந்தது 72 மணி நேரம் காத்திருப்பார்கள். யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடலாம். நிரலில் ஒரு மாற்றத்தைத் தடுக்க நினைப்பவர் தொழில்நுட்பக் காரணத்தைச் சொல்ல வேண்டும், காரணம் இல்லாத தடை செல்லாது. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் இந்த முறை சின்னக் குழுவுக்கு வரம். கூட்டமே தேவையில்லை. ஆனால் அந்த 72 மணி நேரம் எங்கள் மலைக்குச் சரிப்படாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த வாரம் இவர்கள் ஒரு முக்கியமான ஓட்டெடுப்பை நடத்தி முடித்திருக்கிறார்கள். எமரால்டு பக்கத்தில் இருந்த உறுப்பினருக்குக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அவர் செய்துவந்த பகுதியை நீக்குவதற்கான ஓட்டெடுப்பு அது. செய்தி அவருக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் திரும்ப வரவில்லை. புதிய விதியில் சாதாரண மாற்றத்துக்கு 7 நாள், ஒருவருடைய பகுதியை நீக்குவதென்றால் 21 நாள், அதோடு அவரிடம் போனிலாவது பேசியிருக்க வேண்டும்.

பைத்தான் என்ற நிரல்மொழியின் கதையையும் அவர்களுக்குச் சொன்னேன். அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018 ஜூலையில், ஒரு சின்ன இலக்கணச் சேர்க்கை பற்றிய கடும் சர்ச்சைக்குப் பிறகு, முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். இனி யார் முடிவெடுப்பது என்பதற்கு ஏழு முன்வரைவுகள் வந்தன. டிசம்பரில் ஓட்டெடுப்பில் ஜெயித்தது ஐந்து பேர் குழு என்ற ஏற்பாடு. ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. குழுவுக்கு அதிகாரம் ஏராளம், ஆனால் அதை முடிந்தவரை குறைவாகவே பயன்படுத்த வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதில் மூடுமந்திரம் இல்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

அடுத்து, நான் கோபப்பட்ட இடம். விதி 27: "கண்ணியமற்ற நடத்தை மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." கூடலூரிலிருந்து பங்களிக்கும் ஒரு பெண்ணுக்கு, குழுவில் இருந்த ஒருவர் தனிச்செய்தியில் தொடர்ந்து தொல்லை கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் விதிப்படியே பொது மின்னஞ்சல் முகவரிக்குப் புகார் அனுப்பினார். அந்த முகவரியின் கடவுச்சொல் யாரிடமும் இல்லை. ஐந்து மாதம் அவருடைய புகாரை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. 'எடுக்கப்படும்' என்ற சொல் ஒரு பெண்ணை எவ்வளவு தனியாக நிறுத்திவிடும் என்று அவரிடம் பேசியபோது புரிந்துகொண்டேன். இப்போது அந்த விதியில் இரண்டு பேரின் பெயர் இருக்கிறது, அதில் ஒருவர் பெண். மூன்று நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் புகார் குழுவுக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் போகும். யார் மீது புகாரோ அவர் விசாரணையில் உட்கார முடியாது. பெரிய குழுக்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 2021 நவம்பரில் ரஸ்ட் என்ற நிரல்மொழிக் குழுவில், நடத்தைப் புகார்களைக் கவனித்துவந்த நெறிப்படுத்தும் அணி மொத்தமாக விலகியது. மைய அணி தன்னைத் தவிர யாருக்கும் பதில் சொல்லும் நிலையில் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

34 பக்கத்தில் எங்குமே இல்லாத ஒன்றை நாங்கள் புதிதாகச் சேர்த்தோம். சாவிப் பட்டியல். டொமைன் (இணையதள முகவரி) யார் பெயரில் இருக்கிறது, சர்வர் கணக்கு, பதிப்பை ஏற்றும் கணக்கு, அந்த மின்னஞ்சல் முகவரி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், வருடத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு. அனுமதியை அவசரப்பட்டு அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம் என்றேன். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கட்டற்ற மென்பொருளில் நடந்தது 2024 மார்ச்சில் வெளியே தெரிந்தது. களைத்துப்போன ஒரு தன்னார்வலருக்கு உதவ வந்தவர்போல ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உழைத்து, நம்பிக்கை பெற்று, அனுமதி வாங்கி, வெளியாள் ரகசியமாக நுழைய ஒரு கள்ளக்கதவை வைத்துவிட்டார். கணினிக்குள் உள்நுழைய அரை நொடி அதிகமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டிப் பார்த்ததால் வெளியே வந்தது. புதியவரைச் சந்தேகப்படுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரே ஆள் களைத்துப்போகிற வரைக்கும் தனியாக விட்டுவிட்டோமே என்பதுதான் என் கவலை.

பணம் வசூலிக்கும் எண்ணம் இருக்கிறது, பதிவு செய்யலாமா என்றும் கேட்டார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. பைலாவில் ஒரு வரியை மாற்றப் பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யவும் வேண்டும். அதனால் நிரல் சேர்ப்பது, சரிபார்ப்பது போன்ற அன்றாட விதிகளைப் பைலாவுக்குள் கொண்டுபோக வேண்டாம், தனித் தாளில் இருக்கட்டும் என்றேன். வெளிநாட்டில் இருப்பவர் நன்கொடை தருகிறேன் என்றால், 2010-ம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். பணம் கையில் வருகிற வரை பதிவு இல்லாமலே நன்றாக ஓடலாம்.

தை பிறப்பதற்குள் நான்கு பக்கமாக எழுதி முடித்தோம். சரி, இனி இதையே வைத்துக்கொள்வோம் என்று தம்பி உற்சாகமாகக் கிளம்பினார். நான் நிறுத்தினேன். பழைய விதியை மாற்றப் பழைய விதி சொல்லும் வழியில்தான் போக வேண்டும். நல்லெண்ணத்தோடு குறுக்கே போனாலும், நாளைக்கு யாராவது ஒருவர் இந்த நான்கு பக்கமும் செல்லாது என்று சொல்ல முடியும். நல்லவேளை, 34-ம் பக்கத்தில் ஒரு திறப்பு இருந்தது: 11 பேரில் 8 பேர் எழுத்தில் சம்மதித்தால் விதிகளை மாற்றலாம், அதற்குத் தேர்தல் அலுவலர் தேவையில்லை. நான்கு பேரும் மற்ற ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் போனில் தேடினார்கள். ஒருவரைக் கண்டுபிடிக்க அவருடைய கல்லூரி நண்பர் வழியாகப் போக வேண்டியிருந்தது. எட்டாவது சம்மதம் பத்தொன்பதாம் நாள் இரவு வந்தது, நான்கு வருடமாக நிரலைத் தொடாத ஒருவரிடமிருந்து. தன் பெயரை ஓய்வுப் பட்டியலில் போடச் சொல்லியிருந்தார். டொமைன் இன்னும் தன் பெயரில்தான் இருக்கிறது, யாருக்கு மாற்ற வேண்டும் என்றும் கேட்டிருந்தார். மறுநாள் அது கூடலூர்ப் பெண்ணின் பெயருக்கும் கோத்தகிரித் தம்பியின் பெயருக்கும் மாறியது. அந்த வார இறுதியில் பதிப்பு வெளியானது.