கோச் மேல் புகார் சொன்னால் என்ன நடக்கும்? விளையாடும் பிள்ளைகளுக்கான போக்சோ விதிகள்

விடியற்காலையில் பிள்ளையைக் கிரவுண்டில் இறக்கிவிட்டுப் போகும் பெற்றோர், அந்த அகாடமியிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: “இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு நடந்திருக்கிறதா?” இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். போக்சோ என்பது பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்கும் சட்டம்; அதற்கான 2020ஆம் ஆண்டின் விதிகள் பள்ளி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றோடு விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. பிள்ளைகளோடு பழக வாய்ப்புள்ள ஒவ்வொருவரின் பின்னணியையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். நிரந்தர வேலையில் இருக்கும் கோச், ஒப்பந்தத்தில் வரும் பிசியோ, ஹாஸ்டல் ஊழியர், வேன் ஓட்டுநர் என யாருக்கும் விலக்கில்லை.

போக்சோ 2012ஆம் ஆண்டில் வந்த சட்டம். 18 வயது நிரம்பாத எல்லோருக்கும் பொருந்தும். ஆண் பிள்ளைகளுக்கும்தான். பையனுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று பல வீடுகளில் இன்றும் நினைக்கிறார்கள், அது தவறு.

விளையாட்டில் தொடுதலைத் தவிர்க்க முடியாது. நிற்கும் விதத்தைத் திருத்தத் தோளைப் பிடிப்பார்கள், தசைப்பிடிப்புக்குக் காலை நீவிவிடுவார்கள். பயிற்சிக்காகத் தொடுவது குற்றமில்லை. பாலியல் நோக்கத்தோடு தொடுவதுதான் குற்றம். உடைக்கு மேல்தானே கை வைத்தேன் என்ற வாதமும் செல்லாது. தோலோடு தோல் பட வேண்டியதில்லை, நோக்கமே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அசிங்கமான பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, விடாமல் பின்தொடர்ந்து மெசேஜ் அனுப்புவது போன்றவை பாலியல் துன்புறுத்தல் என்ற பிரிவில் வரும். அதற்கு 3 ஆண்டு வரை சிறை. தவறான தொடுதலுக்கு 3 முதல் 5 ஆண்டு. அதையே, பிள்ளை நம்பியிருக்கும் இடத்தில், அதிகாரத்தோடு இருக்கும் ஒருவர் செய்தால் 5 முதல் 7 ஆண்டு. செலக்‌ஷன் யார் கையில் இருக்கிறதோ, அந்தக் கோச்சுக்கு இது அப்படியே பொருந்தும்.

சரி, யார் புகார் சொல்ல வேண்டும்? பெற்றோர் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். குற்றம் நடந்தது என்று தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிற எவரும் போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும். அறைத்தோழியின் அம்மா, உதவி கோச், மைதானக் காவலாளி எல்லோருக்கும் இந்தக் கடமை உண்டு. மறைத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், இரண்டும்கூட. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். “அகாடமி பேர் கெட்டுப்போகும், நாங்களே பேசி முடித்துக்கொள்கிறோம்” என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பிள்ளை வாய் திறந்த பிறகும் விஷயம் அமுங்கிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கும் தண்டனை உண்டு.

வெளியூர் டோர்னமென்டில் நடந்தது என்றால் அந்த ஊருக்கு ஓட வேண்டாம். எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம், நகல் இலவசம். அவசர உதவிக்கான 112, அல்லது குழந்தைகளுக்கான 1098 எண்ணுக்கும் அழைக்கலாம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, பிள்ளைக்குப் பிடித்த வேறு இடத்திலோ பெற வேண்டும். கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர் வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். பெண் பிள்ளையை மருத்துவப் பரிசோதனை செய்பவர் பெண் மருத்துவராக இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுக் குழுவான குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது. அடுத்த போட்டிக்குப் போகும்போது நாலு பேர் பார்ப்பார்களே என்று தவிக்கும் பிள்ளையிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அடி, உதை, சோறு போடாமல் தண்டிப்பது போன்றவை பாலியல் குற்றமாக இல்லாவிட்டாலும் விட்டுவிட வேண்டியவை அல்ல. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையில்லாத உடல், மன வேதனை கொடுத்தால், அதைத் தண்டிக்க 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 75ஆவது பிரிவு இருக்கிறது.

18 வயதைத் தாண்டிய வீராங்கனைகளுக்கு 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் உண்டு. ஸ்டேடியமும் பயிற்சி மையமும் போட்டி நடக்கும் இடமும் அதன்படி பணியிடங்கள்தான். அந்த நிறுவனத்துக்குள்ளேயே இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். அங்கே குழு இல்லையென்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் தரலாம்.

அப்புறம், சிறு வயதில் நடந்ததை வளர்ந்த பிறகும் சொல்லலாம். 2021இல் சென்னையில் தடகளக் கோச் ஒருவர் போக்சோவில் கைதானபோது, முன்பு அவரிடம் பயின்ற வேறு சிலரும் புகார் தந்தார்கள். 3 ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலக்கெடு கிடையாது. தவறான தொடுதல் அதில் அடங்கும். பேச்சு, மெசேஜ் வகைத் துன்புறுத்தலுக்கு மட்டும் 3 ஆண்டுக் காலக்கெடு குறுக்கே வரலாம் என்பதால், அந்த மெசேஜ்களை அழிக்காமல் எடுத்துக்கொண்டு சீக்கிரம் போய்ச் சொல்லிவிடுங்கள்.