அப்பாவின் சட்டையில் வந்த தூசி

மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் கிளினிக் நடத்தும் எனக்கு ரத்தசோகைப் பிள்ளைகள் புதிதல்ல. மூன்று வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டி வந்தபோது, வழக்கம்போல் குடற்புழு மருந்தும் இரும்புச்சத்து மருந்தும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்தார்கள். முகத்தில் அதே வெளுப்பு. சாப்பாட்டைக் கண்டாலே ஓடுகிறான், வயிறு வலிக்கிறது என்று அழுகிறான், நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான், தொட்டதற்கெல்லாம் எரிச்சல் என்றார் அம்மா. இரும்புச்சத்து மருந்து சில பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் கொடுக்கும். அதுதான் காரணம் என்று நானும் நினைத்துவிட்டேன்.

அன்றைக்கு அப்பாவும் வந்திருந்தார், வேலையிலிருந்து நேராக. பையன் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். காலர் மடிப்புக்குள் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஏதோ படிந்திருந்தது.

"என்ன வேலை தம்பி?"

"பழைய பேட்டரி உடைக்கிற எடம் டாக்டர்."

முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பையனுக்கு நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். விரல் நுனியைக் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் தூசியே கணக்கைக் கெடுத்துவிடும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 19 மைக்ரோகிராம் ஈயம் என்று முடிவு வந்தது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி. இவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவே ஈயத்துக்குக் கிடையாது என்பதையும் அந்த நிறுவனம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

ஈயம் உடம்பை ஏமாற்றும் விதம் கொடுமையானது. சுண்ணாம்புச்சத்து போல் வேஷம் போட்டுக்கொண்டு எலும்புக்குள் போகும், வளரும் மூளைக்குள்ளும் போகும். ரத்தம் ஊறும் வேலையை நடுவில் மறிக்கும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளையின் குடல், இரும்பு கிடைக்காத பசியில், அதே வாசல் வழியாக ஈயத்தை இழுத்துக்கொள்ளும். சோகை இருப்பதால் ஈயம் அதிகம் ஏறுகிறது, ஈயம் ஏறியதால் சோகை இன்னும் மோசமாகிறது. அந்தப் பையன் இந்தச் சுழலில்தான் மாட்டியிருந்தான். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் உடம்பு எடுத்துக்கொள்வதைப் போல நாலைந்து மடங்கு சிறுபிள்ளை உடம்பு எடுத்துக்கொள்ளும். ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்தில் பாதியாகலாம், எலும்புக்குள் போனது பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். ஒரு பெண்ணின் எலும்பில் சிறு வயதில் சேர்ந்த ஈயம், பிற்பாடு அவள் கர்ப்பமாகும்போது கரைந்து வெளியே வந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

பேட்டரி வேலை நம் வீட்டில் யாருக்கும் இல்லையே என்று நினைக்காதீர்கள். டவுனுக்குள் வரும் செம்பனைக் குலை லோரியும் மணல் லோரியும் சிவப்பு விளக்கில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் பிரேக்கிலிருந்து செம்பும் ஆன்டிமனி என்ற உலோகமும் உதிர்கின்றன. டயர் தேயத் தேயத் துத்தநாகம் உதிர்கிறது. பழைய வீடுகளின் சாயத்திலிருந்து ஈயம் உதிர்கிறது. எல்லாம் சாலையோரத்தில் படிந்து, செருப்போடும் மோட்டார் சக்கரத்தோடும் வீட்டுக்குள் வருகிறது.

குப்பை மக்கும், உலோகம் மக்காது. பெட்ரோலில் ஈயம் கலப்பது 1920-களில் தொடங்கியது. உலகத்திலேயே கடைசியாக அதை அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல்தான். அந்தக் காலத்துப் புகையில் வந்த ஈயம் பழைய சாலைகளின் ஓரமண்ணில் இன்னும் கிடக்கிறது. தோட்டத்து மண்ணுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ரப்பர் தோட்டங்களில் லாலான் புல்லை அழிக்க சோடியம் ஆர்சனைட் தெளித்த காலம் ஒன்று உண்டு. அது ஆர்சனிக் கலந்த கொடிய விஷம். நம் தாத்தா பாட்டிமார் தோளில் தோம்பு சுமந்து தெளித்தார்கள், அதில் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பாஸ்பேட் உரத்தில் இயற்கையாகவே காட்மியம் என்ற நச்சு உலோகம் கொஞ்சம் இருக்கும். அது சிறுநீரகத்தில் சேர்ந்தால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள்கூட ஆகும். உரச்சாக்கைக் கழுவி மிளகாய் காயப்போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

2018-இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை நிறுத்தியதும் பக்கத்து ஜென்ஜாரோமில் அனுமதியில்லாத ஆலைகள் முளைத்தன. எரித்த புகை மூக்கில் ஏறியது, மக்கள் தாங்க முடியாமல் குரல் கொடுத்தார்கள். தூசி மணக்காது, கண்ணையும் கரிக்காது. அதனால் அதற்காக யாரும் புகார் எழுதுவதில்லை.

தூசி என்றதும் எல்லோரும் முகக்கவசத்தைத்தான் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கு அது சரி. தவழும் பிள்ளைக்கு ஆபத்து வாய்வழிதான். தரையில் கை வைக்கும், அதே கையை வாயில் வைக்கும். மண்ணும் தூசியுமாக ஒரு சிறுபிள்ளை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் விழுங்கும் என்று வைத்துத்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஆபத்தைக் கணக்கிட்டு வந்தது. ஆகவே விளக்குமாற்றால் கூட்டுவதை மட்டும் நம்பாதீர்கள், நுண்தூசி எழும்பி மறுபடியும் பாயிலேயே விழும். ஈரத்துணியால் துடையுங்கள், துடைத்த தண்ணீரைப் பூச்செடிக்கும் கீரைப் பாத்திக்கும் ஊற்றாதீர்கள். செருப்பை வாசலோடு விடுங்கள். சாப்பிடும் முன் பிள்ளையின் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈரத்தாளில் துடைப்பது போதாது.

தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் அடிக்கிறோம் இல்லையா, அங்கேயும் கவனம் வேண்டும். பழைய பலகை வீட்டு ஜன்னலை உப்புத்தாளால் காயக் காயத் தேய்த்தால் முப்பது நாற்பது வருஷத்துச் சாயம் மாவாகி வீடெல்லாம் பரவும். நனைத்துத் தேயுங்கள். அந்த ரெண்டு நாளும் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

சரி, அந்தப் பையனின் கதைக்கு வருகிறேன். ஈயத்தை வெளியேற்றும் மருந்தை ரத்தத்தில் 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கொடுப்போம். 19-க்கு வைத்தியம், ஈயம் வரும் வழியை அடைப்பதுதான். அப்பாவை உட்கார வைத்துப் பேசினேன். வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வருகிறார், அதே மோட்டாரில் பையனை முன்னால் உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றுகிறார், பையன் கைப்பிடியைக் கடித்துக்கொண்டே வருவான் என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "நான்தான் டாக்டர் கொடுத்திருக்கேன்" என்றார். இல்லை தம்பி, உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றேன். ஈயத்தில் வேலை செய்பவர்களுக்கென்று இந்த நாட்டில் 1984-இலேயே விதிமுறை வந்துவிட்டது. பழைய பேட்டரி, 2005 விதிப்படி அட்டவணைக் கழிவு, அதாவது அபாயமான கழிவு. உரிமம் இல்லாதவர்கள் அதைத் தொடவே கூடாது. அவர் வேலை செய்த இடத்தில் குளிக்க ஒரு குழாய்கூட இல்லை. அவருடைய ரத்தத்தையும் எடுத்து அனுப்பினேன். பையனைவிட அதிகமாக இருந்தது.

வேறு வேலை கிடைக்கும்வரை ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் குளித்து, உடுப்பு மாற்றி, அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தூக்குவார். வேலை உடுப்பைத் தனி வாளியில் தனியாகத் துவைப்பார்கள். மோட்டாரை வாரம் இருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவுகிறார். பையனுக்கு இரும்புச்சத்து மருந்தோடு நெத்திலி, முருங்கைக்கீரை, கொய்யா எல்லாம் கொடுக்கச் சொன்னேன். சோற்றோடு தேத்தண்ணீர் கொடுப்பதை நிறுத்தச் சொன்னேன், தே இரும்பை உடம்பில் ஒட்டவிடாது.

மூன்று மாதத்தில் 19 என்பது 11 ஆனது. வயிற்று வலி போய்விட்டது, வெளிக்கு ஒழுங்காகப் போகிறான். அப்பா இப்போது செம்பனை ஆலை ஒன்றில் வேலை செய்கிறார். மார்ச் மாதம் அடுத்த ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறேன். சின்னவனையும் கூட்டி வரவா என்று கேட்டார் அம்மா. கட்டாயம் கூட்டி வாங்கம்மா என்றேன். அவனுக்கு எட்டு மாதம், இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறான்.