ஜா மோரன்ட் யார் வீட்டுப் பிள்ளை?

2016ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள ஸ்பார்டன்பர்க் நகரில் பள்ளி மாணவர்களுக்கான கூடைப்பந்து முகாம் ஒன்று நடந்தது. கென்டக்கி மாநிலத்து மர்ரி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் வேறொரு பையனின் ஆட்டத்தைப் பார்க்க அங்கே போயிருந்தார். நடுவில் பசி எடுத்தது. தின்பண்டக் கடையைத் தேடி நடந்தவரின் காதில், பக்கத்துச் சிறிய அரங்கிலிருந்து பந்து தரையில் மோதும் ஓசை விழுந்தது. எட்டிப் பார்த்தார். அணிக்கு மூன்று பேராகச் சில பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒல்லியான ஒருவன்மீது போன கண் திரும்பவில்லை. தலைமைப் பயிற்சியாளருக்கு உடனே தகவல் பறந்தது.

அந்த ஒல்லிப் பையன்தான் ஜா மோரன்ட். மூன்று ஆண்டுகள் கழித்து, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ.வின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2019ஆம் ஆண்டு இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். முதல் ஆள் ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஜயான் வில்லியம்சன். இருவரும் பள்ளி நாட்களில் ஒரே கோடைக்கால அணியில் சேர்ந்து ஆடியவர்கள் என்பதுதான் வேடிக்கை. வில்லியம்சன் ஐந்து நட்சத்திர வீரர், அதாவது பள்ளி வீரர்களின் தரவரிசையில் உச்சத்தில் இருந்தவர். அவர் பந்தை வளையத்துக்குள் அறையும் காணொளிகள் நாடு முழுக்கச் சுற்றின. மோரன்ட்டின் பெயர் பெரிய தரவரிசைப் பட்டியல்களில் இடம்பெறவே இல்லை. ஒரே அணி, ஒரே மாநிலம். ஒருவரை ஊரே பார்த்தது. மற்றவரைப் பசி எடுத்த ஒருவர் பார்த்தார்.

மோரன்ட்டை வளர்த்தது யார்? மர்ரி ஸ்டேட் பயிற்சியாளர்கள் என்று சொல்லலாம். அங்கே இரண்டாம் ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 24.5 புள்ளிகளும் 10 அசிஸ்டுகளும் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்த பந்துக் கொடுப்புகள்) எடுத்தார். ஒரே பருவத்தில் சராசரியாக 20 புள்ளிகளுக்கு மேலும் 10 அசிஸ்டுகளும் என்பது அதுவரை எந்தக் கல்லூரி வீரரும் தொடாத கணக்கு. ஆனால் டால்செல் என்ற சிற்றூரில், வீட்டுக் கொல்லையில் டிராக்டர் டயரை வைத்துக் குதிக்கப் பழக்கிய தந்தையை எந்தக் கணக்கில் எழுதுவது? பள்ளிப் பயிற்சியாளரை? பிறப்பிலேயே வந்த தசைநார்களை? வெற்றி வந்த பிறகு பங்கு கேட்க வருவோர் வரிசை நீளும். அந்தப் பங்கைப் பிரிக்க அறிவியலில் ஏதாவது வழி இருக்கிறதா என்பதே இங்கே கேள்வி.

முதலில் ஆள் சேர்ப்பு நடக்கும் விதம். அமெரிக்காவில் முதல் பிரிவில் ஆடும் கல்லூரிகள் 360க்கு மேல். ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் நான்கைந்து பேரைச் சேர்க்கும். பதினைந்து, பதினாறு வயதிலேயே கண்காணிப்பு தொடங்கிவிடுகிறது. பள்ளி ஆட்டங்களைவிடக் காலணி நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் கோடைக்காலப் போட்டிகள்தான் உண்மையான சந்தை. அங்கே ஒரே கூரையின் கீழ் பத்துத் திடல்களில் ஆட்டம் நடக்க, சுவரோரம் பயிற்சியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தரவரிசை நிறுவனங்கள் ஒவ்வொரு பையனுக்கும் நட்சத்திரம் போடும். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற நம்பிக்கையில் ஓடும் தொழில் இது. ஓரளவு தெரியவும் செய்கிறது: ஐந்து நட்சத்திரக்காரர்கள் என்.பி.ஏ.வுக்குப் போகும் வாய்ப்பு மூன்று நட்சத்திரக்காரர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கென்டக்கி, ட்யூக் போன்ற பெரிய கல்லூரிகள் முளையிலேயே தெரிந்த பயிர்களை அள்ளிக்கொள்கின்றன. பிறகு அவை விளைந்ததும் "எங்கள் மண்ணைப் பாருங்கள்" என்கின்றன. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. இந்தக் காகம், விழப்போகும் பழத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து உட்காருகிறது என்பது கூடுதல் சாமர்த்தியம்.

தேர்வின் விளைவையும் பயிற்சியின் விளைவையும் பிரிப்பது விளையாட்டுக்கு மட்டும் உரிய தலைவலி இல்லை. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேர்பெற்ற கல்லூரியில் படித்தவர்கள் பிற்காலத்தில் அதிகம் சம்பாதிக்கிறார்களே, அது கல்லூரியாலா, அல்லது ஏற்கெனவே கெட்டிக்காரர்களாக இருந்தவர்களைக் கல்லூரி பொறுக்கி எடுத்ததாலா என்பது அவர்கள் கேள்வி. அதற்கு அவர்கள் செய்த உபாயம் அழகானது. ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடமும் கிடைத்த மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலர் பெரிய கல்லூரிக்குப் போனார்கள். சிலர் ஏதோ காரணத்தால் சிறிய கல்லூரியைத் தேர்ந்தார்கள். இந்த இரு கூட்டத்தின் வருமானத்தையும் ஒப்பிட்டபோது, பெரும்பாலானோருக்கு வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரியால் பலன் இருந்தது.

கூடைப்பந்திலும் இதே உபாயம் செல்லும். ஒரே கல்லூரிகளின் அழைப்பு கிடைத்த இருவர் வெவ்வேறு இடங்களுக்குப் போனால் அவர்களை ஒப்பிடலாம். நாணயத்தைச் சுண்டி வீரர்களைப் பிரித்து அனுப்ப முடியாத உலகில், நியாயமான சோதனைக்கு இதுவே பக்கத்தில் வருகிறது.

அடுத்தது எலும்பு. ஆண்பிள்ளைகள் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி மிக வேகமாக உயர்கிறார்கள். ஆனால் ஒருவனுக்குப் பன்னிரண்டில் வரும் வளர்ச்சி இன்னொருவனுக்குப் பதினாறில் வரும். கைகால் எலும்புகளின் முனைகளில் உள்ள குருத்தெலும்புப் பட்டைகள் எலும்பாக இறுகும்வரை உயரம் கூடும். எப்போது இறுகும் என்பதில் பயிற்சியாளருக்கு எந்தப் பேச்சும் இல்லை. பதினைந்து வயதுப் பையன்களுக்குத் தரவரிசை போடுவது என்றால், பாதி பேருக்கு விசில் ஊதுவதற்கு முன்பே ஓட்டப்பந்தயம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

சிகாகோவின் ஆன்டனி டேவிஸ் பள்ளியில் நுழைந்தபோது சுமார் ஆறடி. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறும் கார்டு இடத்தில் ஆடினார். பெரிய கல்லூரிகள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒன்றரை ஆண்டுக்குள் எட்டு அங்குலம் போல உயர்ந்தார். ஆறடி பத்தங்குல உடம்பில் குட்டையான கார்டின் கைத்திறன் அப்படியே இருந்தது. 2012இல் கென்டக்கிக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்து, அதே ஆண்டு டிராஃப்டில் முதல் ஆளானார். சீக்கிரம் வளர்ந்த பையன்களுக்கு இதற்கு நேர்மாறான கதி நேர்வதுண்டு. பதின்மூன்று வயதில் நெட்டையாக இருப்பவனை எல்லோரும் வளையத்தின் கீழே நிறுத்திவிடுவார்கள். பந்தைத் தட்டிப் போகவே அவன் கற்பதில்லை. மற்றவர்கள் உயரத்தில் எட்டிப் பிடித்ததும் அவனிடம் மிச்சமிருப்பது பழைய புகழ் மட்டுமே.

டேவிட் ராபின்சன் கதை இன்னும் விநோதம். 1983இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தபோது அவர் ஆறரை அடியை ஒட்டி இருந்தார். கப்பல் அறைகளுக்குள் அடங்க வேண்டும் என்பதால் கடற்படை உயரத்துக்கு வரம்பு வைத்திருந்தது. அவரோ படிக்கும்போதே ஏழடியைத் தொட்டு, 1987 டிராஃப்டின் முதல் வீரராக வெளியே வந்தார். "எங்கள் கல்லூரியில் வளர்ந்தவர்" என்று கடற்படை சொன்னால் அதை எழுத்துக்கு எழுத்து ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது, புள்ளியியல் செய்யும் கண்கட்டு. உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப் படைப் பயிற்றுநர்களிடம் பேசியபோது அவர்கள் ஒன்று சொன்னார்கள்: நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் திருந்துகிறான். பாராட்டும் திட்டும் இதில் ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கானமன் கண்டுகொண்டார். மிக மோசமான ஒரு நாளுக்கு அடுத்த நாள், யார் எதுவும் சொல்லாவிட்டாலும், சராசரிக்குப் பக்கத்தில்தான் வரும். மிக நல்ல நாளுக்கு அடுத்த நாளும் அப்படியே. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு உயர்வதில்லை என்று 1886இல் பிரான்சிஸ் கால்ட்டன் காட்டிய அதே விதி.

நட்சத்திரங்களும் இந்த விதிக்குள்தான் வருகின்றன. தரவரிசையின் உச்சியில் இருப்பவர்களில் சிலர் நிஜமாகவே உச்சிக்கு உரியவர்கள். சிலர் பார்வையாளர்கள் வந்த நாளில் பந்தெல்லாம் விழுந்தவர்கள். இரண்டாம் வகையினர் கல்லூரியில் சற்று இறங்குவார்கள். உடனே "நல்ல பையனைக் கெடுத்துவிட்டார்" என்று பயிற்சியாளருக்கு வசவு கிடைக்கும். கீழே இருந்து ஏறி வருபவர்களில் சிலர் முதலில் தவறாக மதிப்பிடப்பட்டவர்கள். அவர்களைச் சேர்த்த பயிற்சியாளருக்குச் "செதுக்கிய சிற்பி" என்று மாலை விழும். ஏறியவர்களின் கதை மட்டும் நமக்குச் சொல்லப்படுகிறது. அதே கல்லூரியில் அதே மூன்று நட்சத்திரத்தோடு சேர்ந்து, மூன்று நட்சத்திரத்தோடே பட்டம் வாங்கிப் போனவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

இதையெல்லாம் கழித்துவிட்டுக் கல்லூரியின் பங்கை அளக்க ஒரு வழி உண்டு. ஒரு வீரர் சேரும்போது இருந்த தரவரிசை, உயரம், வயது ஆகியவற்றை வைத்து, அதே நிலையில் தொடங்கிய பழைய வீரர்கள் சராசரியாக எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்ப்பது. அதற்கு மேலே இவர் எவ்வளவு போனாரோ அதைக் கல்லூரியின் கணக்கில் வைப்பது. கேட்க எளிது. ஒரு கல்லூரி பத்தாண்டில் நாற்பது பேரைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வகை வீரர்களில் பத்தில் ஒருவர் என்.பி.ஏ.வுக்குப் போவார் என்றும் வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு நான்கு பேர். போனவர்கள் ஆறு பேர். எதிர்பார்த்ததைவிட ஒன்றரை மடங்கு; பயிற்சியாளர் மேதை என்று தோன்றும். ஆனால் எந்தத் திறமையும் இல்லாமல், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே ஆறோ அதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று. 360 கல்லூரிகளில் எத்தனை பேர் இப்படி மேதையாவார்கள் என்பதை வாசகரே கணக்குப் போடலாம்.

எண்ணிக்கைக்கு அகப்படாத இன்னொன்றும் இருக்கிறது. 2014-15 பருவத்தில் கென்டக்கி 38 ஆட்டங்களில் வென்று ஒன்றில் தோற்றது. அந்த அணியில் டெவின் புக்கர் ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்க ஐவரில் இல்லை. மாற்று ஆளாக வந்து சராசரியாக 10 புள்ளிகள் எடுத்தார். டிராஃப்டில் பதின்மூன்றாவது ஆளாகப் போனவர், 2017 மார்ச்சில், இருபதே வயதில், பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 70 புள்ளிகள் குவித்தார். கென்டக்கி அவரை வளர்த்ததா, ஒளித்து வைத்ததா? பின்னாளில் என்.பி.ஏ.வின் பெரும் நட்சத்திரமான மைக்கேல் ஜோர்டனை 20 புள்ளிக்குள் அடக்கிய ஒரே மனிதர் அவருடைய கல்லூரிப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தான் என்று அமெரிக்காவில் பழைய நகைச்சுவை ஒன்று உண்டு. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு ஆடிய ஜோர்டனின் சராசரி 17.7. ஆனால் பிற்கால ஜோர்டனின் தற்காப்பு ஆட்டத்தில் அந்த மூன்று ஆண்டுக் கண்டிப்பு இல்லையென்று யார் சத்தியம் செய்வார்கள்?

சில சமயம் உண்மையான ஆசிரியர் கல்லூரிச் சம்பளப் பட்டியலிலேயே இருப்பதில்லை. நைஜீரியாவின் லாகோஸில் ஹேண்ட்பாலும் கால்பந்தும் ஆடி வளர்ந்து, பதின்பருவத்தின் நடுவில்தான் கூடைப்பந்தைத் தொட்டு, பின்னாளில் என்.பி.ஏ.வில் புகழ்பெற்ற ஹக்கீம் ஒலாஜுவான், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கோடை விடுமுறைகளில் அதே நகரின் ஃபோண்டே பொழுதுபோக்கு மையத்துக்குப் போவார். அங்கே அவரோடு இடித்துத் தள்ளி ஆடியவர் அப்போதைய என்.பி.ஏ.வின் வளையத்தருகே ஆடும் மிகச் சிறந்த சென்டர்களில் ஒருவரான மோசஸ் மலோன். சம்பளமும் கிடையாது, பாடத்திட்டமும் கிடையாது. வளையத்தின் கீழே விலா எலும்பில் விழும் முழங்கைதான் பாடம்.

அப்படியானால் கல்லூரிப் பயிற்சியாளர் தருவதுதான் என்ன? என் கணிப்பில், அவர் கையில் இருக்கும் மிக விலையுயர்ந்த பொருள் ஆடும் நேரம். அதிலும் பிழை செய்த பிறகும் ஆட விடும் நேரம். பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான ஸ்டெஃபன் கரியின் தந்தை டெல் கரி, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஆடிப் பின்னர் என்.பி.ஏ.வில் பேர்பெற்றவர். மகன் பள்ளியில் இருந்தபோது, இடுப்பருகிலிருந்து பந்தை எறியும் பழக்கத்தை மாற்றித் தலைக்கு மேலிருந்து எறிய வைத்ததும் அவரே. அந்தக் கோடை முழுக்கப் பையனுக்குக் கண்ணீர். அப்படியும், தந்தை ஆடிய கல்லூரியே மகனுக்கு உதவித்தொகை தர முன்வரவில்லை. ஒல்லி, குட்டை என்று எண்ணிவிட்டார்கள். வட கரோலினாவின் சிறிய டேவிட்சன் கல்லூரியில் பாப் மெக்கிலப் சேர்த்துக்கொண்டார்.

2006 நவம்பரில் முதல் ஆட்டம், ஈஸ்டர்ன் மிச்சிகனுக்கு எதிராக. கரி 13 முறை பந்தைப் பறிகொடுத்தார். பெரிய கல்லூரி என்றால் பெஞ்சில் ஐந்து நட்சத்திரக்காரர்கள் மூவர் காத்திருப்பார்கள். ஐந்தாவது பிழையிலேயே சீட்டு கிழிந்திருக்கும். மெக்கிலப் அவரை ஆடவிட்டார். அடுத்த ஆட்டம் மிச்சிகனுக்கு எதிராக: 32 புள்ளிகள். அடுத்த பருவத்தில் 162 மூன்று புள்ளி எறிதல்கள். ஒரு பருவத்துக்கான தேசியக் கல்லூரிச் சாதனை அது. எறிதல் தந்தையுடையது, கண் பிறப்புடையது என்றே வைத்துக்கொள்வோம். பதின்மூன்றாவது பிழைக்குப் பிறகும் திடலில் நின்ற நிமிடங்கள் மெக்கிலப்புடையவை.

இப்போது இந்தக் கணக்கில் பணமும் சேர்ந்துவிட்டது. 2018இல் கல்லூரி மாறும் வீரர்களுக்கான பதிவேடு வந்தது. 2021இல் ஓராண்டு உட்கார்ந்திருக்காமல் கல்லூரி மாறும் உரிமையும், தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கும் உரிமையும் வீரர்களுக்குக் கிடைத்தன. வீரர்களுக்கு நியாயம் கிடைத்தது நல்லதே. ஆனால் பிழை செய்ய நேரம் தரும் சிறிய கல்லூரி, இப்போது பெரிய கல்லூரிக்கு நாற்றங்கால் ஆகிவிட்டது.

2025இல் தேசியப் பட்டம் வென்ற ஃபுளோரிடாவின் தொடக்க ஐவரில் நான்கு பேர் வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். கார்டுகள் மூவரில் ஒருவர் பெல்மாண்ட், ஒருவர் ஃபுளோரிடா அட்லாண்டிக், ஒருவர் அயோனா. அயோனாவிலிருந்து வந்த வால்டர் க்ளேட்டன்தான் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர். இரண்டு ஆண்டு அங்கே, இரண்டு ஆண்டு இங்கே. அந்த ஜூனில் டிராஃப்டின் முதல் சுற்றில் அவர் எடுக்கப்பட்டார். டிராஃப்ட் பட்டியலில் வீரர் பெயருக்கு எதிரே கடைசிக் கல்லூரியின் பெயர் மட்டுமே வரும். க்ளேட்டன் பெயருக்கு எதிரே ஃபுளோரிடா என்றிருக்கிறது.